உடல் உறங்கினால் உள்ளம் என்னாகும்?

(பி.எஸ்ஸி. விலங்கியல், இரண்டாமாண்டு மாணவி)

மண்ணில் பிறந்த மனிதன் விண்ணில் வாழ விழைகின்றான். 1969-ஆம் ஆண்டில் நிலவில் கால் பதித்தவன், இன்று செவ்வாய்க் கோளின் மீது கண் வைத்திருக்கின்றான். நிலவை அடைய மூன்று, நான்கு நாட்கள் போதும். செவ்வாய்க்கோ ஒருவழிப் பயணமே ஆறு முதல் ஒன்பது மாதங்கள் ஆகும். அத்தனை நாட்களுக்கும் வேண்டிய உணவு, நீர், ஆக்சிஜன் யாவற்றையும் சுமந்து செல்ல வேண்டும். சிறிய கலத்திற்குள் அடைபட்டுக் கிடக்கும் மனமும் சோர்ந்துபோகும்.

இதற்கு அறிஞர்கள் எண்ணிப் பார்க்கும் வழிகளுள் ஒன்று, வீரர்களின் உடல் இயக்கத்தையே மந்தமாக்கி, உறங்க வைத்து அழைத்துச் செல்வதாகும். அமெரிக்காவின் ஸ்பேஸ்வொர்க்ஸ் நிறுவனம் 2013-ஆம் ஆண்டு முதல் நாசாவின் நிதியுதவியுடன் இதனை ஆராய்ந்தது.

நாம் உண்ட உணவை உயிரணுக்கள் ஆற்றலாக மாற்றுவதும், அவ்வாற்றலால் உடலைக் கட்டுவதும், பழுது பார்ப்பதும் சேர்ந்ததே வளர்சிதை மாற்றம். அடுப்பில் தீயைத் தணித்தால் விறகு மிச்சமாவது போல, இதைத் தணித்தால் உணவும் ஆக்சிஜனும் மிச்சமாகும். ஆனால் நம் உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தைச் செலவிடுகிறது. தீயைத் தணித்தால் அந்த மூளை என்னாகும்? விழித்தெழும் வீரருக்குக் கற்றது நினைவிருக்குமா? இதுவே நாம் காண வேண்டிய கேள்வி.

உப்பளம் தரும் பாடம்

ஆரோவில்லைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே செல்வோர், மரக்காணத்தில் வெண்மையான உப்புக் குவியல்களைக் கண்டிருப்பர். அங்கு உப்பு வாரும் குடும்பத்தில் பிறந்தவள் நான். வடகிழக்குப் பருவமழை வந்தால் பாத்திகள் மூழ்கி வேலை நின்றுவிடும். வெயில் ஏறியதும் மீண்டும் தொடங்கும்.

உப்பளத்து உயிர் ஒன்றும் இவ்வாறே தன் வேலையை நிறுத்தி வைக்கக் கற்றிருக்கிறது. தூத்துக்குடி, கேளம்பாக்கம் முதலிய உப்பளங்களில் ஆர்ட்டீமியா எனப்படும் சின்னஞ்சிறு உப்புநீர் இறால் வாழ்கிறது. நீர் வற்றி உப்பு மிகும்போது இது தடித்த ஓடுடைய முட்டைகளை வெளியிடும். உள்ளிருக்கும் கரு சுமார் 4,000 உயிரணுக்களுடன் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். உலர்ந்துவிட்டால் வளர்சிதை மாற்றமே நின்றுபோகும். ஆண்டுகள் பல கழித்து நீரில் இட்டாலும் ஓரிரு நாட்களில் பொரிந்து நீந்தும்!

1972-இல் அப்போலோ 16 கலத்தில் இம்முட்டைகள் நிலவுப் பயணம் சென்று திரும்பின. விண்வெளியின் கனமான கதிர்த் துகள்கள் பாய்ந்த முட்டைகளின் வளர்ச்சி பெரிதும் கெட்டிருந்தது. இயக்கம் அறவே நின்ற உயிரணுவால் தன் காயத்தை அப்போதைக்கு ஆற்றிக்கொள்ள முடியாது என்பது நினைவில் வைக்கத்தக்கது. 2025-ஆம் ஆண்டில் நம் நாட்டவரான சுபான்ஷு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்திற்குச் சென்றபோது, இத்தகைய உறக்கத்தில் வல்ல நீர்க்கரடி என்னும் நுண்விலங்கும் ஆராய்ச்சிக்காகச் சென்றது.

எனினும் முட்டைக்கு மூளையில்லை. மறப்பதற்கு அதனிடம் எதுவுமில்லை. ஆகவே மூளையுள்ள விலங்குகளிடம் செல்வோம்.

அணிலும் வௌவாலும்

குளிர் நாடுகளின் தரையணில்கள் மாதக்கணக்கில் குளிர்கால உறக்கம் கொள்கின்றன. அவற்றின் உடல் வெப்பம் உறைநிலைக்கு அருகில் இறங்கிவிடும். கடுங்குளிர் இருந்தால்தான் இது நிகழும் என்பதில்லை. வெப்ப நாடான மடகாஸ்கரில் வாழும் குள்ள லெமூர் ஒன்றும் மரப்பொந்தில் மாதக்கணக்கில் இவ்வாறு உறங்குவதை 2004-இல் அறிவித்தனர். லெமூர், குரங்கும் மனிதனும் அடங்கிய வரிசையைச் சேர்ந்த உயிர் அன்றோ!

இவ்வுறக்கத்தின்போது தரையணிலின் மூளையில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்குகின்றன என்றும், விழித்த சில மணி நேரத்திலேயே மீண்டும் தழைக்கின்றன என்றும் 1992-இல் ரஷ்ய அறிஞர்கள் கண்டனர். தழைத்த கிளையில் பழைய பாடம் இருக்குமா? 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், ஐரோப்பியத் தரையணில்கள் உறங்கி எழுந்தபின், பழக்கிய வழியையும் வேலையையும் பெரிதும் மறந்திருந்தன. ஆனால் பழகிய அணில்களை அடையாளம் கண்டுகொண்டன. 2011-இல் வெளியான வேறோர் ஆய்விலோ, உறங்கி எழுந்த வௌவால்கள் கற்ற வழியை மறக்கவில்லை. உறக்கம் ஒன்றே, ஆயினும் விளைவு உயிருக்கு உயிர் வேறுபடுகிறது.

யோகியின் வழி

விழிப்புக் கெடாமலே உடலின் தீயைத் தணிக்க முடியுமா? இக்கேள்வியை நம் நாட்டு அறிஞர்கள் முன்னரே எழுப்பினர். புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் ஆனந்த், சின்னா, சிங் ஆகியோர், இராமானந்த யோகி என்பவரைக் காற்றுப் புகாத பெட்டியில் அமர்த்திச் சோதித்து 1961-இல் முடிவை வெளியிட்டனர். அவர் உட்கொண்ட ஆக்சிஜன் அடிப்படை அளவுக்கும் கீழே குறைந்திருந்தது. பிற யோகியர் மீது அவர்கள் நடத்திய மற்றோர் ஆய்வில், தியானத்தின்போது ஒளி, ஒலி முதலியவற்றால் யோகியரின் மூளையலைகள் கலையவில்லை.

1984 ஏப்ரலில் இராகேஷ் சர்மா சல்யூட் 7 நிலையத்தில் யோகப் பயிற்சி செய்தார். எடையின்மையால் உடலுக்கு வரும் கேடுகளை யோகம் தணிக்குமா என்று அறிவதே அதன் நோக்கம். உடலை உறங்க வைப்பது அன்று. யோகியின் அமைதி சில மணி நேரம் நிற்பது. செவ்வாய்ப் பயணத்திற்கு மாதங்கள் வேண்டும்.

சென்னை தந்த எச்சரிக்கை

மனித உடலை நாட்கணக்கில் குளிர்வித்து இயக்கத்தைத் தணிப்பது மருத்துவமனைகளில் நடக்கிறது. பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தையின் உடல் வெப்பத்தைச் சுமார் 33.5 டிகிரி செல்சியசுக்குக் குறைத்து 72 மணி நேரம் வைப்பர். தணிந்த மூளைக்கு ஆக்சிஜன் தேவை குறையும். சேதமும் குறையும் என்பதே கருத்து. வளர்ந்த நாடுகளின் ஆய்வுகளில் இது உயிரையும் அறிவையும் காத்தது.

ஆனால் இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளின் 7 மருத்துவமனைகளில் 408 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2021-இல் வெளியானபோது மருத்துவ உலகம் திடுக்கிட்டது. சென்னையும் இவ்வாய்வில் பங்கு கொண்டது. குளிர்வித்த குழந்தைகளுள் 42 சதவீதமும், குளிர்விக்காத குழந்தைகளுள் 31 சதவீதமும் இறந்தன. ஒன்றரை வயதுக்குப் பின் சோதித்தபோது, உயிர் பிழைத்தவற்றின் அறிவு வளர்ச்சியிலும் குளிர்வித்தலால் பயன் தெரியவில்லை. ஓரிடத்தில் காத்த முறை, வேறோரிடத்தில் காக்கவில்லை.

இவ்வாய்வில் போற்றத்தக்கது ஒன்றுண்டு. குழந்தை பிழைத்ததா என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. ஒன்றரை ஆண்டு காத்திருந்து, அது எதை உணர்கிறது, எதைக் கற்கிறது என்று பார்த்தார்கள்.

நாம் கொள்ள வேண்டியது

விண்வெளி வீரர்க்கும் இந்த அளவுகோலே வேண்டும். நாடித்துடிப்பும் எடையும் சரியாக இருந்தால் பயணம் வெற்றி என்று கூறிவிடலாகாது. புறப்படுமுன் அவர் கற்ற பாடம், எடுக்கும் முடிவின் விரைவு, தோழரோடு பேசும் பாங்கு ஆகியவற்றை அளந்து வைத்து, எழுந்த அன்றும் பல மாதங்கள் கழித்தும் மீண்டும் அளக்க வேண்டும். ஒரே வகை உடலில் மட்டும் சோதித்துவிட்டு எல்லோர்க்கும் பொருந்தும் என்று முடிவு கட்டுவதும் கூடாது.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எங்களுக்கு நிலமில்லை, சேர்த்த பொருளுமில்லை. நினைவில் நிற்கும் பாடமே என் கைம்முதல். நம்முள் பலர்க்கும் நிலை இதுவே. ஆதலால் விண்கலம் சுமக்கும் சுமைகளுள் விலை மதிப்பற்றது எது என்று கேட்டால், உறங்கும் வீரரின் தலைக்குள் இருக்கும் கல்வியே என்பேன். உடலை உறங்க வைக்கும் கலையை அறிவியல் ஒருநாள் கற்கக்கூடும். உள்ளத்தைக் குறைவின்றி எழுப்பும் கலையையும் கற்ற பின்னரே மனிதனைக் கலத்தில் ஏற்றலாம். அக்கலையைக் கண்டறியும் ஆய்வில் நம் கல்லூரி மாணவர் எவரேனும் பங்கு கொள்வாராயின், அதைவிடப் பெருமை வேறென்ன!