உங்களுக்குத் தெரியுமா? நெடும்பயண பைக்குக்கு ஏற்ற கேம்ஷாஃப்ட்

என்ஜினின் வால்வுகள் எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு எழ வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கேம்ஷாஃப்ட். கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் இது ஒரு சுற்று சுற்றும்.

ஹார்லி-டேவிட்சன் எலெக்ட்ரா கிளைடு போன்ற கனமான வண்டிகளுக்கு கேம் வாங்குவோர் பலர் வால்வு எழும் உயரத்தை (லிஃப்ட்) மட்டுமே பார்க்கிறார்கள். அதைவிட முக்கியமானது, காற்று-எரிபொருள் கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வு மூடும் தருணம். பிஸ்டன் கீழ்முனையைத் தொட்டு மேலேறத் தொடங்கிய பிறகும் இந்த வால்வு சற்று நேரம் திறந்தே இருக்கும். கீழ்முனையிலிருந்து கிராங்க் சுமார் 30 டிகிரி திரும்புவதற்குள் மூடிக்கொண்டால் கலவை சிலிண்டரிலேயே தங்கி, குறைந்த சுழற்சியிலேயே நல்ல டார்க் கிடைக்கும். 45 டிகிரியைத் தாண்டினால், மெதுவான ஓட்டத்தில் கலவையில் ஒரு பகுதி வந்த வழியே வெளியேறிவிடும். பலம் உயர் ஆர்பிஎம்மில்தான் தெரியும்.

இருவரும் பெட்டிகளும் ஏறினால் 500 கிலோவைத் தாண்டும் இந்த வண்டிகள் பெரும்பாலும் 2,000 முதல் 3,500 ஆர்பிஎம்முக்குள்தான் ஓடுகின்றன. ஆகவே உச்ச குதிரைத்திறனுக்காக வடிவமைத்த கேம், விளம்பரத்தில் எவ்வளவு கவர்ந்தாலும், இவற்றுக்கு ஒத்துவராது.

லிஃப்ட் கூடினால் வால்வு ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டிவரும். எரிபொருள் மேப்பையும் திருத்த வேண்டும். 1999 மாடல்களில் வந்த ட்வின் கேம் 88 என்ஜினில் கேம் செயினை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கட்டை தேயக்கூடியது. உதிரும் துகள்கள் ஆயில் பம்ப்வரை போகும். கேம் கவரைக் கழற்றிய கையோடு அதையும் பார்த்துவிடுவது அவசியம். இரண்டு கேம்கள் கொண்ட ட்வின் கேமைப் போலன்றி, 2017 மாடல்களில் அறிமுகமான மில்வாக்கி-எய்ட் என்ஜினில் எட்டு வால்வுகளையும் இயக்குவது ஒரே கேம்ஷாஃப்ட்தான்.