காயாத மையின் கைவரிசை

யு.வி. டிஜிட்டல் பிரிண்டரின் மையில் ஆவியாகிப் போகும் கரைப்பான் அநேகமாக இல்லை. அக்ரிலேட் மூலக்கூறுகள்தான் அதன் திரவம். எல்.இ.டி. விளக்கின் 395 நானோமீட்டர் ஒளி பட்ட மாத்திரத்தில் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பிளாஸ்டிக் படலமாக இறுகிவிடும். தின்னர் நெடி இல்லாததால் விற்பனைப் பிரசுரங்கள் இதற்குப் 'பசுமை மை' என்று பட்டம் சூட்டுகின்றன. மூக்கைக் கேட்டால் சரி என்னும். கையைக் கேட்க வேண்டும்.

அக்ரிலேட்டில் உள்ள இரட்டைப் பிணைப்பில்தான் விஷயமே இருக்கிறது. பள்ளி மைதானத்துச் சங்கிலி விளையாட்டில் விசில் ஊதியதும் பிள்ளைகள் கைகோத்து நீள்வார்கள். இங்கே ஒளிதான் விசில். அது எட்டாத பிள்ளை நீட்டிய கையோடு நின்று, எதிரே வருபவர் கையைப் பிடித்துக்கொள்ளும். தோலுக்குள் நுழைந்த காயாத அக்ரிலேட், புரதத்தின் கந்தக முனையைப் பிடிக்கிறது. உருமாறிய அந்தப் புரதத்தை நோய் எதிர்ப்புப் படையின் டி செல்கள் அந்நியனாகப் பார்த்து, ஹெட்மாஸ்டரைப் போல முகத்தைக் குறித்து வைத்துக்கொள்கின்றன. முதல் தடவை பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பிறகொரு நாள் சிறு துளி பட்டாலும், ஓரிரு நாளில் விரலிடுக்கில் அரிப்பும் கொப்புளமும் கிளம்பும். இந்த ஹெட்மாஸ்டர் ரிட்டயர் ஆவதே இல்லை. ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுளுக்கும் நீடிக்கிறது. அதே குடும்ப மூலக்கூறுகள் உள்ள ஜெல் நகப்பூச்சுகூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

அச்சுத்தொழிலில் ரசாயனத் தீங்கு புதிதல்ல. ஒசாகாவின் ஆஃப்செட் புரூஃப் அச்சகம் ஒன்றில் இளம் தொழிலாளர்களுக்குப் பித்தநாளப் புற்றுநோய் வந்தது 2012-இல் வெளியே தெரிந்தது. மை துடைக்கப் பயன்பட்ட 1,2-டைகுளோரோபுரோப்பேனை, 2014-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. டிஜிட்டலிலும் துடைக்கிற வேலை ஒழியவில்லை.

மையைப் பீச்சும் பிரிண்ட் ஹெட்டைத் துடைக்கும்போதும், வேஸ்ட் மை சேரும் பாட்டிலைக் காலி செய்யும்போதும்தான் ஆபரேட்டர் கையில் மை அதிகம் படுகிறது. மையோடு வரும் பாதுகாப்புத் தாளில் எச்317 என்ற குறி இருந்தால், தோல் ஒவ்வாமை வரலாம் என்று பொருள். ரப்பர் கையுறையை அக்ரிலேட் எளிதில் ஊடுருவும். மெல்லிய நைட்ரைலும் சிறிது நேரமே தாங்கும் என்பதால், மை தெறித்ததும் கழற்றி எறிய வேண்டும். கையில் பட்டதைத் தின்னரால் துடைப்பது பழைய பழக்கம், ஆனால் அது மையைத் தோலுக்குள் இன்னும் எளிதாக இறக்கிவிடும். சோப்பும் தண்ணீரும் போதும்.

அடர்கருப்புப் பரப்பில் ஒளி அடிவரை இறங்காது. மேலே காய்ந்தாற்போல் இருந்தாலும் அடியில் ஈரம் தங்கியிருக்கலாம். அத்தகைய அச்சை வெட்டுபவருக்கும் கையுறை வேண்டும். பழைய பாதரச விளக்கு மெஷின் என்றால், அந்த விளக்கு உண்டாக்கும் ஓசோனை வெளியேற்ற உறிஞ்சுவிசிறி தேவை. மை ஊறிய துணியும் வேஸ்ட் மையும் மூடிய டப்பாவில் சேர்ந்து, அபாயக் கழிவாகப் போக வேண்டியவை.