அடி மேல் அடி!
செல்போன் வீரனும் சிலம்ப வீரனும் படிக்கும் ஒரே பாடம்

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்!

இது பாட்டி சொல்லும் பழமொழி. செல்போன் சண்டை விளையாட்டிலும் இதுதான் சட்டம்.

வருசநாட்டு மலை அடிவாரத்தில், மூல வைகைக் கரையில் உள்ள ஊர் கடமலைக்குண்டு. தேனி மாவட்டத்து ஊர். ஜப்பானில் உள்ள பெரிய நகரம் ஒசாகா. எந்த ஊர்ப் பையன் ஆனால் என்ன? செல்போனில் வாள் வீரன் வந்து நின்றால், முதல் நாள் செய்வது ஒன்றுதான். பொத்தானைப் படபடவென்று தட்டுவான். வீரன் காற்றை வெட்டுவான். அரக்கன் போடுவான் ஒரே போடு! ஆட்டம் முடிந்தது.

ஏன் தோற்றான்? அவனுக்குக் "காம்போ" தெரியாது.

காம்போ என்றால் என்ன?

தொடர் அடி. அவ்வளவுதான்.

முதல் அடி பட்டதும் எதிரி கொஞ்சம் தடுமாறுவான். கண் மூடித் திறக்கும் நேரம்தான். அவன் நிமிர்வதற்குள் இரண்டாவது அடி விழ வேண்டும். அதற்குள் மூன்றாவது.

தவறில் பிறந்த வித்தை

இந்த வித்தை பரவிய கதை வேடிக்கையானது. ஒசாகாவில் உள்ள கேப்காம் நிறுவனம் 1991-ல் "ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2" என்ற விளையாட்டை வெளியிட்டது. அதற்கு முன் அதைச் சோதித்துப் பார்த்தார் ஃபுனாமிசு என்பவர். காரை அடித்து நொறுக்கும் கட்டம் வந்தது. ஒரு அடியோடு இன்னொரு அடியும் சேர்ந்து விழுந்தது! அப்படி யாரும் திட்டமிடவில்லை. யாருக்கும் எளிதில் கைவராது என்று எண்ணி, அதை அப்படியே விட்டுவிட்டார்.

பையன்கள் விடுவார்களா? கண்டுபிடித்து விட்டார்கள்! பின்னால் வந்த சண்டை விளையாட்டுகளில் அதுவே முக்கிய வித்தை ஆகிவிட்டது.

மூன்று பாடங்கள்

ஒன்று: வரிசை. சிறு அடி வேகமானது, வலு குறைவு. பெரிய அடி வலுவானது, மெதுவாக வரும். ஆகவே சிறு அடி, சிறு அடி, கடைசியில் பெரிய அடி.

இரண்டு: தாளம். அவசரம் ஆகாது. ஒரு அடி படும்போது அடுத்த பொத்தானைத் தட்ட வேண்டும்.

மூன்று: நிறுத்துவது. எதிரி கை ஓங்கினால், பாதியில் விட்டு விலக வேண்டும். பல விளையாட்டுகளில் ஒவ்வொரு அடிக்கும் வீரனின் தெம்பு குறையும். எல்லாவற்றையும் அடிப்பதிலேயே செலவழித்தால், விலகத் தெம்பு இருக்காது.

கம்பும் இதையே சொல்கிறது

சிலம்பம் கற்க வருபவனை வாத்தியார் உடனே அடிக்க விடமாட்டார். முதலில் காலடி. பிறகு கம்பு சுற்றுவது. பிறகு அடி, தடுப்பு. அதன் பிறகே எல்லாம் சேர்ந்த வரிசை. கால் தப்பினால் இரண்டாவது அடி வராது!

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில், சிலம்பமும் காட்சி விளையாட்டாக இடம் பெற்றது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. திரையில் செத்த வீரன் மறுபடி எழுந்து வருவான். கம்படி பட்டால் மண்டை வீங்கும்! வாத்தியார் இல்லாமல் கம்பைத் தொடக்கூடாது.

காசு கொடுத்தால் வருமா?

பல விளையாட்டுகளில் பளபளக்கும் வாளைக் காசுக்கு விற்கிறார்கள். "அப்பா, வாங்கிக் கொடுங்கள்" என்று பிள்ளை கெஞ்சுவான். வாளை வாங்கலாம். தாளத்தை வாங்க முடியாது. அது பழகினால்தான் வரும். அதற்குக் காலணா செலவில்லை.

மூன்றாவது பாடத்தைப் பிள்ளைக்கு நினைவூட்டுங்கள். நிறுத்தத் தெரிந்தவனே வீரன். செல்போனைக் கீழே வைப்பதற்கும் அது பொருந்தும்!