வில்லுக்குக் கொடுத்த முற்பணம்

இறம்பொடை நீர்வீழ்ச்சிக்கு மேலே உள்ள தோட்டமொன்றில் எமது மகளிர் குழு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவது வழக்கம். சென்ற ஆண்டு ஐப்பசி மழைக்காலத்தில் நடந்த கூட்டத்தின் முடிவில், குழுவின் உறுப்பினரான அக்கா ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மிஸ், கொஞ்சம் நில்லுங்க. மகன் வில்லு ஒண்டு செய்ய ஓடர் குடுத்திருக்கான். அஞ்சாயிரம் முற்பணமும் குடுத்திட்டான். எனக்கு ராத்திரியில நித்திரை இல்ல" என்றார்.

வில்லா? நான் முதலில் சிரித்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்புக்காக வெட்கப்பட்டேன்.

இந்த அக்காவின் கதை வாசகியர் பலருக்குப் புதியதல்ல. 1977ஆம் ஆண்டு வன்செயல்களின் பின்னர் தோட்டத்தை விட்டு வன்னிக்குச் சென்று குடியேறிய மலையகக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். அங்கேயே காடு வெட்டி, காணி திருத்தி, திருமணமும் முடித்தார். 2009இல் ஷெல் வீச்சில் கணவர் இறந்தார். மூன்று வயது மகனைத் தூக்கிக்கொண்டு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்தவர், அடுத்த ஆண்டு சின்னம்மாவைத் தேடி இறம்பொடைக்கு வந்து சேர்ந்தார். இன்று லயத்தில் ஒரு காம்பரா. அதன் பின்னால் சிறு மரக்கறித் தோட்டம். அவ்வளவுதான் அவருடைய சொத்து. அந்த நிலம்கூட அவர் பெயரில் இல்லை.

குழுவில் கடன் எடுத்து அவர் நட்டிருந்த உருளைக்கிழங்கை ஒரே இரவில் காட்டுப்பன்றிகள் கிளறி அழித்துவிட்டன. மகனுக்கு இப்போது பத்தொன்பது வயது. அம்மா காலையில் பாத்தியில் குந்தியிருந்து அழுததைப் பார்த்தவன், அன்றே முடிவெடுத்திருக்கிறான். கைத்தொலைபேசியில் வெளிநாட்டவர்கள் வில்லால் வேட்டையாடும் படங்களைப் பார்த்து, அதேபோன்ற ஒன்றைத் தன் அளவுக்குச் செய்து தரும்படி பக்கத்து ஊர்த் தச்சாசாரியிடம் கேட்டிருக்கிறான். தோட்டத்தில் கூலி வேலை செய்து சேர்த்த பணத்தையே முற்பணமாகக் கொடுத்திருக்கிறான்.

"பன்றிக்குத்தான் எண்டு சொல்றான். ஆனா ஆயுதம் ஆயுதம்தானே மிஸ். அதால நான் ஒருத்தர இழந்திட்டேன். இன்னொண்டு என் காம்பராவுக்குள்ள வரக்கூடாது" என்றார் அக்கா.

உடனே மகனைக் கூப்பிட்டுக் கண்டிப்பது எளிது. ஆனால், ஓர் இளைஞன் தாயின் கண்ணீருக்குப் பரிகாரம் தேடும்போது அவனை அவமானப்படுத்தி அனுப்புவது உளவளத்துணை ஆகாது. ஆகவே முதலில் அவனிடம் விளக்கம் கேட்டேன். "தம்பி, எப்படிப்பட்ட வில்? எனக்கும் சொல்லுங்கள்" என்றேன். உற்சாகமாகச் சொன்னான். நானும் வாசித்துத் தெரிந்துகொண்டேன். அவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவன் கேட்டிருந்தது இரு நுனிகளும் வீரனுக்கு எதிர்ப்புறமாக, அதாவது முன்னோக்கித் திரும்பியிருக்கும் வில். இவ்வகை வில் சிறியதாக இருந்தாலும் அம்பை வேகமாகச் செலுத்தும். துருக்கியர், மங்கோலியர், கொரியர் முதலானோர் பழைய காலத்தில் இதனைப் பயன்படுத்தினர். மரத்தின் உட்புறத்தில் எருமைக் கொம்பையும் வெளிப்புறத்தில் விலங்கின் தசைநாரையும் பசையால் ஒட்டி, மாதக்கணக்கில் காயவைத்துச் செய்வார்கள். இந்தப் பசைக்கு ஈரம் பகை. மழையும் பனிமூட்டமும் மாறி மாறி வரும் எங்கள் மலைக்கு அது ஒத்துவராது. இக்காலத்தில் கண்ணாடி இழையையும் மரத்தையும் சேர்த்து ஒட்டுகிறார்கள். அது தொழிற்சாலை வேலை.

வில் செய்யக் கொடுப்பதென்றால் சட்டை தைக்கக் கொடுப்பது போல அளவும் வேண்டும். இரு கைகளையும் விரித்து விரல் நுனிக்கு விரல் நுனி அளந்து, அதை இரண்டரையால் வகுத்தால், ஒருவர் நாணை எவ்வளவு தூரம் இழுப்பார் என்பது ஏறக்குறையத் தெரியும். தம்பியின் கை விரிப்பு 165 சென்ரிமீற்றர். ஆகவே இழுப்பு 66 சென்ரிமீற்றர். அடுத்தது பலம். பன்றி போன்ற தடித்த தோலுள்ள விலங்கை வீழ்த்த வேண்டுமானால், நாணை இழுத்துப் பிடிப்பதற்கு இருபது கிலோ மூட்டையைத் தூக்கும் பலமாவது வேண்டும். அப்படியிருந்தும் பதினைந்து, இருபது மீற்றர் தூரத்துக்குள்தான் நம்பி எய்யலாம். நீண்டகாலப் பயிற்சி இல்லாதவர் எய்தால் பன்றி சாகாது. காயத்தோடு ஓடும், அல்லது திரும்பி வந்து தாக்கும்.

இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் வாசித்த ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. அதைத் தம்பிக்கும் அக்காவுக்கும் சொன்னேன்.

1660ஆம் ஆண்டில் மூதூருக்கு அருகிலுள்ள கொட்டியாரத்தில் ஆங்கிலேயக் கப்பலொன்றில் வந்தவர்கள் கண்டி அரசனின் ஆட்களால் பிடிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் றொபேர்ட் நொக்ஸ். அப்போது அவருக்கும் வயது பத்தொன்பதுதான். கூடவே பிடிபட்ட தந்தை அடுத்த ஆண்டே இறந்துபோனார். மலைநாட்டில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இருந்துவிட்டு 1679இல் மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிச் சென்றார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூலில் வேடர்கள் தமக்கு அம்பு செய்விக்கும் முறை எழுதப்பட்டுள்ளது.

வில்லை அவர்கள் தாமே செய்துகொள்வார்கள். அது ஒரே மரத்தில் செய்த நெடிய வில்; கொம்பும் இல்லை, பசையும் இல்லை. ஆனால் அம்பின் இரும்பு அலகுக்குக் கொல்லன் வேண்டும். ஆகவே இரவில் இறைச்சிச் சுமையொன்றைக் கொண்டுவந்து கொல்லனின் பட்டறையில் தொங்கவிடுவார்கள். பக்கத்தில், தமக்கு வேண்டிய அலகின் வடிவத்தில் வெட்டிய ஓர் இலையையும் தொங்கவிட்டுப் போய்விடுவார்கள். பேச்சும் இல்லை, முகம் பார்ப்பதும் இல்லை. கொல்லன் அந்த இலையின் அளவுக்கே அலகைச் செய்து அதே இடத்தில் வைப்பான். அவர்கள் இரவில் வந்து எடுத்துக்கொண்டு, நன்றியாக இன்னும் இறைச்சி கொண்டுவந்து வைப்பார்கள்.

தம்பி வியந்து கேட்டுக்கொண்டிருந்தான். "கொல்லன் செய்யாட்டி?" என்று அக்கா கேட்டார்.

அதற்கும் நொக்ஸ் விடை எழுதியிருக்கிறார். செய்து கொடுக்காத கொல்லனை என்றோ ஓரிரவில் எய்து பழிதீர்ப்பார்களாம்.

அக்கா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப அவனுக்கு ஏலாது எண்டு சொல்ல வழியில்ல. எங்களுக்கும் அப்படித்தானே இருந்தது" என்றார்.

நான் பல தடவை வாசித்த செய்தி அது. கொல்லனின் இடத்தில் நின்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. இலையில் வெட்டிய அழகான அளவையும் சொல் தவறாத நாணயத்தையுமே பார்த்திருந்தேன். ஆயுதத்துக்கு அளவு கொடுப்பவர் ஒருவர், செய்பவர் ஒருவர், அதன் விளைவோடு வாழ்பவர் இன்னொருவர். இந்த மூன்றாமவரிடம் யாரும் கேட்பதில்லை. போர்க்காலத்தில் எங்கள் பெண்கள் பெரும்பாலும் இந்த மூன்றாம் இடத்திலேயே இருந்தார்கள்.

"வேடர்கள் இப்பவும் வேட்டைக்குப் போறாங்களா?" என்று தம்பி கேட்டான். அதுவும் சொல்ல வேண்டிய கதைதான். 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அமைக்கப்பட்டபோது தம்பானைப் பகுதி வேடர்களின் பரம்பரை வேட்டைக்காடு தடைசெய்யப்பட்ட இடமாயிற்று. பல குடும்பங்கள் மகாவலித் திட்டக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. அவர்களின் தலைவர் ஊருவரிகே திசாஹாமி தம்பானையை விட்டுப் போக மறுத்து, 1998இல் தாம் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். அவருடைய மகன் வன்னில எத்தோ 1996இல் ஜெனீவா சென்று ஐக்கிய நாடுகள் சபையின் கூட்டத்தில் தம் மக்களுக்காகப் பேசினார். வாகரை முதலிய கிழக்குக் கரையோரத்தில் தமிழ் பேசும் வேடர் சமூகங்களும் உண்டு. அவர்களும் எங்களைப் போலவே போரில் இடம்பெயர்ந்தவர்கள். வில்லோடு பிறந்தவர்களுக்கே இன்று காட்டுக்குள் தடை இருக்கிறது.

சட்டத்தையும் சொன்னேன். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி மரை, சிறுத்தை முதலிய பல விலங்குகளைக் கொல்வது குற்றம். இருட்டில் எய்த அம்பு பன்றியைத்தான் தைக்கும் என்பதற்கு யார் உறுதி?

அடுத்த வாரம் அக்கா, மகன், நான் மூவருமாக ஆசாரியின் பட்டறைக்குப் போனோம். அவர் வயதானவர், நேர்மையானவர். "ஒட்டு வேலை இந்த மழைக்கு நிக்காது தம்பி. நான் முதல்லயே சொல்லியிருக்கணும். வேணுமுன்னா கித்துள் வைரத்துல ஒரே துண்டா செஞ்சு தாறேன்" என்றார்.

அப்போது அக்கா பேசினார். எங்கள் கூட்டங்களில் வாய் திறக்காதவர் அவர். "ஐயா, பன்றி வாறது ராத்திரியில. லயத்துப் பொம்பளைகளும் ராத்திரியிலதான் வெளியே போக வேண்டியிருக்கு. பக்கத்துத் தோட்டத்துக்காரங்களும் காவலுக்கு நிக்கிறாங்க. நீங்க செஞ்சு குடுக்குற அம்பு யார்மேல படுமுன்னு சொல்லுங்க. சொல்ல முடியுமுன்னா செய்யுங்க" என்றார்.

ஆசாரி மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான். மரத்துக்காகச் செலவான ஆயிரம் ரூபாவைக் கழித்துக்கொண்டு நாலாயிரத்தை ஆசாரி திருப்பிக் கொடுத்தார். அவரிடம் மறுக்கும் உரிமை இருந்தது. அதைப் பயன்படுத்தும் மனமும் இருந்தது.

பிரச்சினை அத்துடன் தீரவில்லை. வில் வேண்டாம் என்றால் உருளைக்கிழங்குக்கு என்ன வழி? தம்பி ஒரு வாரம் தாயோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கம்பிச் சுருக்கு வைக்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்களாம். அதையும் தடுக்க வேண்டியிருந்தது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் உள்ள தோட்டத்தில் கம்பிச் சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை, உடவளவைக்குக் கொண்டுசென்று சிகிச்சை அளித்தும் சில நாட்களில் இறந்ததை நினைவூட்டினேன். வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சுவது சட்டவிரோதம் மட்டுமல்ல, மனித உயிர்களையும் பறித்திருக்கிறது.

இறுதியில் பக்கத்துப் பாத்திக்காரர்கள் நான்கு குடும்பங்கள் சேர்ந்தன. கிளிசரிடியாக் கம்புகளை நெருக்கமாக நட்டு, அடியில் கல் அடுக்கி, கம்பி வலை கட்டினார்கள். திரும்பி வந்த நாலாயிரம் ரூபா வலைக்குப் போயிற்று. கிழங்கு முற்றும் காலத்தில் முறைவைத்துக் காவல் இருந்து, ரோர்ச் அடித்து, தகரம் தட்டினார்கள். பன்றிகள் ஒரு மூலையால் ஒருமுறை நுழைந்து இரண்டு பாத்திகளைக் கெடுத்தன. மற்றவை தப்பின. அக்காவின் கடனில் பாதிக்கு மேல் அடைந்துவிட்டது. மீதிக்குக் குழு தவணை கொடுத்திருக்கிறது. முழு வெற்றி என்று சொல்லமாட்டேன்.

மாசி மாதத்தில் தோட்டத்தில் காமன் கூத்து வந்தது. மதன் சிவன்மேல் அம்பு எய்து எரிந்துபோக, ரதி கணவனை இழந்து புலம்பும் கதை அது. மதனுக்கு வில் செய்யும் பொறுப்பைத் தம்பி தானாகவே ஏற்றான். மூங்கிற் சிலாம்பை வளைத்து, கரும்பு போலத் தெரிய வண்ணத்தாள் சுற்றியிருந்தான். அழகான வேலை. யாரிடமும் முற்பணம் வாங்கவில்லை.

"அம்மா, பாக்க வாறீங்களா?" என்று அவன் கேட்டதாக அக்கா சொன்னார். இத்தனை ஆண்டுகளாக அவர் அந்தக் கூத்துக்குப் போனதில்லை. ரதியின் புலம்பலைக் கேட்கத் தம்மால் முடியாது என்பார். இந்த முறை போனார். மகன் செய்த வில்லோடு மதன் வந்து ஆடுவதைப் பார்த்தார். மதனை எரிக்கும் நேரம் நெருங்கியதும் எழுந்து காம்பராவுக்குத் திரும்பிவிட்டார்.

"பாதி பாத்தேன் மிஸ். மிச்சத்த அடுத்த வருசம் பாப்பம்" என்றார்.

சகோதரிகளே, எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கோபம் வரும். அதற்குப் பெரும்பாலும் நியாயமான காரணமும் இருக்கும். அழிந்த பயிர், அடையாத கடன், தாயின் கண்ணீர் ஆகியவை பொய்யல்ல. அந்தக் காரணத்தை மதித்துக் கேளுங்கள். ஆனால் அதற்கு விடையாக வீட்டுக்குள் என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்று சொல்லும் உரிமை உங்களுக்கும் உண்டு. அந்தக் கேள்வியை அக்கா பட்டறையில் நின்று கேட்டார். நீங்களும் கேட்கலாம்.