மலிவாகக் கிடைக்கிறதே என்று கார்பன் சைக்கிள் வாங்கலாமா?

“கார்பன் சைக்கிள் வேணும்” என்று பிள்ளைகள் கேட்கிற காலம் இது. புதுசுக்குப் பல ஆயிரம் வெள்ளி ஆகும். பழசு மலிவாகக் கிடைக்கிறதே என்று அவசரப்படாதீர்கள்.

இரும்பு அடிபட்டால் நெளியும், கண்ணுக்குத் தெரியும். கார்பன் அப்படியல்ல. மெல்லிய நார்களைப் பசையில் தோய்த்து இறுக்கிச் செய்வது அது. அடிபட்டாலும் மேலே சாயம் பளபளக்கும். உள்ளே விரிசல் இருக்கும். ஓடும்போது முன் போர்க் முறிந்தால் பல்லும் தாடையும் போகும்.

ஆகவே பிரேம் முழுவதையும் வெயிலில் வைத்துப் பாருங்கள். 50 காசு நாணயத்தால் தட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமாகக் கேட்டால் வேண்டாம். சத்தம் நன்றாக இருந்தாலும் விவரம் தெரிந்த கடைக்காரரிடம் காட்டுங்கள்.

அளவும் முக்கியம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீட்டு ரொம்பத் தாழ்ந்தால் முட்டி வலிக்கும். பிரேம் நீளமானால் இடுப்பும் கழுத்தும் பிடித்துக்கொள்ளும்.

காசு பத்தாவிட்டால், அலுமினியப் பிரேமும் கார்பன் போர்க்கும் உள்ள புது சைக்கிளே மேல். எடை சற்றுக் கூடும், அவ்வளவுதான். நம் செம்மண் பாதைக்கு 28 மில்லிமீட்டர் டயராவது போட இடமிருக்கிறதா என்று கேளுங்கள்.

விழுந்து வருகிற பையன்களுக்குத் தையல் போடுகிறவன் என்பதால் சொல்கிறேன்: முதலில் தலைக்கவசத்துக்கும் நல்ல பிரேக்குக்கும் பணம் ஒதுக்குங்கள். மிச்சத்தில்தான் சைக்கிள்.