உங்கள் பிரஷ்ஷில் இருப்பது என்ன முடி?

தாடி வைத்த மனிதனுக்கு ஷேவிங் பிரஷ்ஷோடு என்ன வேலை என்று என்னைக் கேட்காத ஆள் சோனகத்தெருவில் இல்லை. போன ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போதும் ஒரு நண்பர் இதையே சொல்லிச் சிரித்தார். கன்னத்தையும் கழுத்தையும் ஒழுங்குபடுத்த எனக்கும் ஒரு பிரஷ் தேவைதான். ஆனால் வீட்டு அலுமாரியில் நாற்பது பிரஷ்கள் கிடப்பதற்கு அது காரணமாகாது. உண்மையைச் சொன்னால் இது ஒரு பொழுதுபோக்கு. கடையை மூடி, இஷாவும் தொழுது, சாப்பிட்ட பின் ஒரு மணித்தியாலம் பழைய பிரஷ் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருவேன். அன்றைய கொடுக்கல் வாங்கல் எல்லாம் தலையை விட்டு இறங்கிவிடும்.

வியாபாரப் பக்கத்தில் இது எதற்கு என்று வாசக அன்பர்கள் நினைக்கலாம். என் கடையில் பல வருடமாக நான் கவனிக்காமல் விற்றுவந்த ஒரு பொருளைப் பற்றி எனக்குப் பாடம் சொன்னது இந்தப் பொழுதுபோக்குத்தான். ஹாட்வெயார், பெயின்ட், சலூன் சாமான் விற்கும் சகோதரர்கள் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

கொக்குவிலில் இருந்து தொடங்குகிறேன். யாழ்ப்பாணத்தில் பழைய சாமான் கிடைக்கும் இடம் பழைய வீடுதான். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்பி, தாய் தகப்பன் கட்டிய நாற்சார் வீட்டை இடித்துப் புது வீடு எழுப்புகிறார்கள். இடிக்கும்போது கதவு, நிலை, ஓடு எல்லாம் விலைக்குப் போகும். தகரப் பெட்டிக்குள் கிடக்கும் சில்லறைச் சாமானை யாரும் பார்ப்பதில்லை. கொக்குவிலில் ஒரு காலத்தில் சுருட்டு முதலாளிமார் இருந்தார்கள். அவர்களுடைய சுருட்டு தென்னிலங்கைப் பட்டணங்கள் வரை போனது. குடாநாட்டின் பல ஊர்களில் போலவே மலாயன் பென்சனியர் என்று சொல்லப்படுகிறவர்களும் இருந்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் மலாயாவுக்குப் போய் ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை பார்த்து, பென்சனோடு ஊர் திரும்பியவர்கள். திரும்பும்போது கொண்டுவந்த பெட்டிகளில் வெள்ளைக்காரன் பாவித்த தரத்தில் சவரச் சாமானும் வந்தது.

அப்படியான ஒருவருடைய மகன் கே.கே.எஸ். வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில் இருக்கிறார். எண்பதைத் தாண்டிய ஐயா. பிறந்தது கோலாலம்பூரில். என் கடைக்குப் பூட்டு வாங்க வந்தவர், மேசையில் நான் திருத்திக்கொண்டிருந்த பிரஷ்ஷைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அடுத்த நாள் ஒரு பேப்பர் சுற்றலோடு வந்தார்.

“தம்பி, இது அப்பு மலாயாவில இருந்து கொண்டுவந்த பிரஷ். எறிய மனமில்லை. ஒருக்கால் பாருங்கோ” என்றார்.

பிடி மஞ்சள் நிறம். அடியில் ‘இங்கிலாந்தில் செய்தது’ என்ற எழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது, கம்பனிப் பெயர் தேய்ந்துவிட்டது. முடி பாதி உதிர்ந்து, மிச்சம் சவர்க்காரக் காரை பிடித்துக் கல் மாதிரி இருந்தது. குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. சவர்க்காரத்தோடு சேர்ந்தால் நுரை குறைவு, வெள்ளைக் காரைதான் அதிகம். முடியின் அடிவரை இறங்கி உறைந்துவிடும். இதற்கு மருந்து வினாகிரி. ஒரு பங்கு வினாகிரிக்கு நான்கு பங்கு இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு முடியை மட்டும் பத்து நிமிடம் நனைத்து, பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தால் அலசினால் காரை கரைந்துவிடும். பிடியை நனைக்கக் கூடாது.

பிடி எதனால் ஆனது என்று தெரியாமல் கைவைக்கவும் கூடாது. இதற்கு மூக்கு நல்ல கருவி. துணியால் பலமாகத் தேய்த்துச் சூடேற்றி முகர்ந்தால் கற்பூர வாசனை வந்தால் அது செலுலொய்ட். நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், பற்றிவிடும். கார்பொலிக் வாசனை வந்தால் பேக்கலைட் வகை. எரிந்த பால் மாதிரி மணந்தால் அது உண்மையிலேயே பாலில் இருந்து செய்தது. பாலின் புரதத்தை உறையவைத்து பிளாஸ்டிக் செய்யும் முறை 1890களின் கடைசியிலேயே வந்துவிட்டது. தண்ணீரில் ஊறினால் அது பருத்து வெடிக்கும். யானைத் தந்தப் பிடி கிடைத்தால் நான் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. சட்டத்தோடு விளையாட இந்த வயதில் தெம்பில்லை. ஐயா தந்தது கார்பொலிக் வாசனைக்காரன். வெள்ளையாக வார்த்த பிடி, காலம் போகப் போக வெண்ணெய் நிறமாகிவிடும். இரண்டாயிரம் நம்பர் அரத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, பிராசோ போட்டு ஒரு மணித்தியாலம் துடைத்தேன். மாஷா அல்லாஹ், நெய் மாதிரி மின்னியது.

பிறகு முடியைக் கழுவி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பார்த்ததும் கையிலிருந்து மேசையில் வைத்துவிட்டேன்.

ஷேவிங் பிரஷ்ஷில் நான்கு வகை வரும். விலை கூடியது பேட்ஜர். நீர்நாய் இனத்தைச் சேர்ந்த, மண்ணில் வளை தோண்டி வாழும் மிருகம். அதன் முடி அடியில் வெளிறி, நடுவில் கறுத்து, நுனியில் மறுபடி வெளிறியிருக்கும். நுனி ஊசி போல் ஒடுங்கும். அடுத்தது குதிரை முடி. மூன்றாவது பன்றி. தடித்த, விறைத்த முடி, நுனி இரண்டு மூன்றாகப் பிளந்திருக்கும். அதைப் பேட்ஜர் மாதிரிக் காட்டுவதற்கு நடுவில் கறுப்புச் சாயம் பூசியும் விற்றார்கள். நான்காவது நைலோன் போன்ற செயற்கைத் தும்பு. ஒரு முடியைப் பிடுங்கி நெருப்பில் காட்டினால், மிருக முடி மயிர் கருகும் நாற்றத்தோடு பொடியாகும். செயற்கை என்றால் உருகி ஒரு மணி போலத் திரளும். இந்தச் சோதனை செயற்கையா மிருகமா என்பதைத்தான் சொல்லும். எந்த மிருகம் என்பதைப் பிளந்த நுனியைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

ஐயாவின் பிரஷ்ஷில் இருந்தது மூன்றாவது வகை. நடுவில் பூசிய சாயம் வினாகிரிக் குளிப்பில் வெளிறியிருந்தது.

நான் ஆலிம் அல்ல. கேட்டுத் தெரிந்ததைச் சொல்கிறேன். பன்றியின் முடி நஜீஸ் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. காய்ந்த பொருளைக் காய்ந்த கையால் தொட்டால் நஜீஸ் ஒட்டாது, ஆனால் ஷேவிங் பிரஷ்ஷின் வேலையே ஈரத்தில்தான். ஷாஃபிஈ மத்ஹபின்படி பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒன்று மண் கலந்த தண்ணீரால். பேட்ஜரும் நமக்கு இலேசான விடயமல்ல. ஹனஃபி மத்ஹபில் பன்றியைத் தவிர்ந்த மிருகங்களின் முடி சுத்தமானது. நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் உண்ணக்கூடாத மிருகத்தின் உடலை விட்டுப் பிரிந்த முடி நஜீஸ். உயிருள்ள குதிரையிலிருந்து கத்தரித்த முடிக்குப் பிரச்சினையில்லை. பிறந்த பிள்ளைக்கு ஏழாம் நாள் தலைமுடி இறக்கும்போது எந்த பிரஷ்ஷால் நுரை பூசுகிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

ஐயாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லாமல் முடியை மாற்றியிருக்கலாம், அவருக்குத் தெரியப்போவதில்லை. மனம் கேட்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கொக்குவிலுக்கே போய், “ஐயா, இது பன்றி முடி” என்று சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர் பிறகு சிரிக்கத் தொடங்கினார். “தம்பி, எங்கட வீட்டில மீன் சட்டியே ஏறினதில்லை. அப்பு வெள்ளிக்கிழமை விரதகாரன். இவ்வளவு காலமும் எங்கட கிணத்தடியில பன்றி இருந்திருக்குது!”

நாங்கள் இருவரும் சிரித்தோம். ஆனால் முடியை மாற்றலாம் என்றபோது அவர் முகம் மாறியது. “முடியை மாத்தினால் அது அப்புவின்ர பிரஷ்ஷோ?” என்று கேட்டார். பதில் எனக்குத் தெரியவில்லை. யோசித்துச் சொல்லுங்கள் என்று வந்துவிட்டேன். மூன்றாம் நாள் போன் எடுத்தார். “அப்புவின்ர கைபட்டது பிடியிலதானே, மாத்துங்கோ.”

இப்போது என் கடைக் கதைக்கு வருகிறேன். சொல்ல வெட்கம்தான். பெயின்ட் பிரஷ்ஷின் பிடியில் ஆங்கிலத்தில் ‘பியூர் பிரிசில்’ என்று அச்சடித்திருப்பார்கள். கலப்பில்லாத நல்ல சாமான் என்ற அர்த்தத்தில் நானும் வாடிக்கையாளருக்கு அதைக் காட்டி விற்றிருக்கிறேன். தூரிகை வியாபாரத்தில் பிரிசில் என்றால் பன்றியின் விறைத்த முடி. அதில் பேர்போன நாடு சீனா. ஒரு ரமழானுக்கு முன்பு பள்ளிவாசலுக்குப் பெயின்ட் அடிக்க ஒரு டசின் பிரஷ் அன்பளிப்பாகக் கொடுத்தவனும் நான்தான். ஐயாவின் பிரஷ்ஷைப் பார்த்த இரவு எனக்கு அந்த டசின்தான் ஞாபகம் வந்தது. கொழும்பு மொத்த வியாபாரியைக் கேட்டால், “அது சைனா முடி நானா, எல்லோரும் விற்கிறதுதானே” என்றார். அவர் சொன்னது பொய்யல்ல. நான்தான் இவ்வளவு வருடமாகக் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

மௌலவியிடம் போய் விடயத்தைச் சொன்னேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை. பிறகு அவரும் நானும் சுவர் சுவராகப் பார்த்து, பெயின்ட்டில் ஒட்டிக் காய்ந்திருந்த முடிகளைப் பிளேட்டால் சுரண்டி எடுத்தோம். அந்த இடங்களைச் சொன்ன முறைப்படி கழுவியதும் நானே.

இது என் ஒருவனின் பிரச்சினை அல்ல. மலேசியாவில் பன்றி, நாய் ஆகியவற்றின் எந்தப் பாகத்தில் செய்த பொருளாக இருந்தாலும் அதைக் குறிப்பிட்டு, வேறாக வைத்துத்தான் விற்க வேண்டும் என்று 2013 இல் கட்டளை போட்டார்கள். 2017 பெப்ரவரியில் அதிகாரிகள் கடைகளில் இறங்கி, பன்றி முடி என்று சந்தேகித்த பெயின்ட் பிரஷ்கள் 2,000 இற்கும் மேல் கைப்பற்றினார்கள். நம் நாட்டில் அதே 2013 இல் ஹலால் இலச்சினையை வைத்து எவ்வளவு பிரச்சினை நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சத்தத்துக்குள் எல்லோரும் சாப்பாட்டுப் பக்கெட்டைத்தான் பார்த்தோம். பிரஷ்ஷை யாரும் பார்க்கவில்லை.

மார்க்க விடயம் ஒருபுறம் இருக்க, பழைய முடியில் உடல்நலப் பிரச்சினையும் உண்டு. முதலாம் உலகப் போர்க் காலத்தில் முறையாகச் சுத்திகரிக்காத குதிரை முடி பிரஷ்களால் பிரித்தானிய, அமெரிக்க இராணுவத்தினருக்கும் பொதுமக்களுக்கும் அந்திராக்ஸ் நோய் தொற்றியது. 200 இற்கும் மேற்பட்ட சம்பவங்கள் பதிவாகின. 1920 இல் ஜப்பானிய ஷேவிங் பிரஷ் இறக்குமதியையே பிரித்தானியா தடைசெய்தது. பழைய பிரஷ் சிலவற்றில் ‘கிருமி நீக்கியது’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்தால் இந்தக் கதை விளங்கும். இன்று ஆபத்து மிகக் குறைவு என்றுதான் அமெரிக்க ஆய்வாளர்கள் 2017 இல் எழுதினார்கள். இருந்தாலும் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் நான் பழைய முடியை வெட்டுவதில்லை.

மாற்றும் வேலை பெரிய வித்தையல்ல. முடியைப் பிடியின் விளிம்போடு வெட்டி, நடுவில் சிறிய ட்ரில்லால் துளைத்து, படிப்படியாகப் பெரிதாக்கி, பழைய பசையைச் சுரண்டி எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் பிடி வெடிக்கும். நான் அப்படி மூன்று பிடிகளைத் தொலைத்தேன். குழியின் வாயை அளந்து அதற்கேற்ற நைலோன் முடிக்கட்டு எடுப்பிக்கலாம், பெரும்பாலும் 20 முதல் 24 மில்லிமீற்றர். தபால் செலவோடு பத்து டொலரளவில் முடியும். குழி ஆழமென்றால் அடியில் மரத்துண்டு வைத்து, முடி வெளியே ஐந்து சென்ரிமீற்றர் நிற்கும்படி பார்த்து அரல்டைட்டால் ஒட்டி, ஒரு நாள் விட்டுவிட வேண்டும். நைலோன் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். 1938 இல் பல் துலக்கும் பிரஷ்ஷில் வந்த விறைத்த தும்பு அல்ல இது. இப்போதைய தும்பு பேட்ஜரைவிட மென்மையாக இருக்கிறது, காய்வதும் சீக்கிரம்.

லாபம் என்ன என்று கேட்பீர்கள். கூலியைக் கணக்கெடுத்தால் நட்டம். பழைய முடியோடு இருக்கும் பெயர்போன பிரஷ்ஷுக்குத்தான் வெளிநாட்டில் விலை. லண்டனில் இருந்து ஒருவர் தெரிந்தவர் மூலமாக என்னிடம் ஒன்று கேட்டார். முடி மாற்றியது என்று நான் சொன்னதும், “அதை எழுதாமல் அனுப்புங்கள், இரட்டிப்பு விலை தருகிறேன்” என்றார். அவர் அதை வேறொருவருக்கு விற்கப்போகிறார் என்பது விளங்கியது. தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியைக் கேட்ட சம்பவம் குத்பாவில் எத்தனை தடவை கேட்டிருப்போம். பிரஷ்ஷும் அப்படித்தான், முடி நட்டிருக்கும் இடம் யாருக்கும் தெரியாது. அந்த பிரஷ் இன்னும் என் அலுமாரியில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ‘பிடி பழையது, முடி நைலோன்’ என்று எழுதித் திகதியும் போட்டுத்தான் கொடுக்கிறேன். கடையில் பிரிசில் பிரஷ் வாங்குவதை நிறுத்திவிட்டேன். மிச்சம் இருந்ததை எரித்துவிட்டேன். மற்றவர்களும் அப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை, முதலில் பெட்டியைத் திறந்து நுனியைப் பாருங்கள்.

ஐயாவின் பிரஷ்ஷைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முடிக்கட்டின் விலையை மட்டும் வாங்கினேன், ஒரு பை கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் தந்தார். இரண்டு கிழமைக்குப் பிறகு போன் வந்தது.

“தம்பி, வடிவாய்த்தான் இருக்குது. ஆனால் நுரை வருகுதில்லை.”

“கிணற்றுத் தண்ணீரை விட்டுவிட்டு மழைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள் ஐயா” என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “அதுதான் அப்பு கிணத்தடியில வாளி வைச்சு மழைத்தண்ணி பிடிக்கிறவர். என்னத்துக்கெண்டு இப்பதான் விளங்குது” என்றார்.