தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் விமானம்!

9 மணி நேரப் பயணம் 13 மணி நேரம் ஆனது ஏன்?

ரோட்டில் பள்ளம் தோண்டினால் பஸ் என்ன செய்யும்? நாலு தெரு சுற்றிப் போகும். வானத்திலும் அதே கதைதான்! ஒரு விமானம் வட துருவத்தையே சுற்றிக்கொண்டு போகிறது.

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கி. அங்கிருந்து ஜப்பான் தலைநகர் டோக்கியோவுக்கு நேர்வழியில் சுமார் 7 ஆயிரத்து 800 கிலோமீட்டர். முன்பெல்லாம் 9 அல்லது 10 மணி நேரத்தில் போய்ச் சேரலாம்.

இப்போது 13 மணி நேரம் ஆகிறது. பறக்கும் தூரமோ ஏறத்தாழ 13 ஆயிரம் கிலோமீட்டர்!

ஊர்கள் நகர்ந்துவிட்டனவா? இல்லை. பூமி உருண்டையில் இந்த இரண்டு ஊருக்கும் நூல் பிடித்துப் பாருங்கள். நூலின் பெரும்பகுதி ரஷியா மேல்தான் கிடக்கும்.

கதவடைப்பு

2022 பிப்ரவரி 24-ந்தேதி உக்ரைன் மீது ரஷியா போர் தொடுத்தது. ஐரோப்பிய நாடுகள் ரஷிய விமானங்களுக்குத் தடை போட்டன. பதிலுக்கு ரஷியாவும் 28-ந்தேதி 36 நாடுகளின் விமானங்களுக்குக் கதவை மூடியது.

ஆசியாவுக்குக் குறுக்கு வழி என்று சொல்லியே வியாபாரம் நடத்தி வந்தது, பின்லாந்தின் 'பின்ஏர்' கம்பெனி. அதன் வயிற்றில் அடி விழுந்தது. டோக்கியோ சர்வீஸ் நின்றது.

மார்ச் 9-ந்தேதி புது வழியில் மீண்டும் புறப்பட்டது. வடக்கே போனால் வட துருவம், அலாஸ்கா பக்கம், பசிபிக் கடல். தெற்கே போனால் துருக்கி, கஜகஸ்தான், சீனா, கொரியா. எந்த வழி என்பதை அன்றைய காற்றைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

நேரம் கூடினால் எரிபொருள் கூடும். எரிபொருள் எடை ஏறினால் சரக்கைக் குறைக்க வேண்டும். விமானிகளும் கூடுதலாக வேண்டும். எல்லாம் செலவுதான்!

துருவம் தாண்டும் பயணிகளுக்கு ஒரு சான்றிதழ் கொடுக்கிறார்கள். காகிதம் இலவசம். போன மூன்றரை மணி நேரம் போனதுதான்!

சீன, இந்திய விமானங்களுக்கு இந்தத் தடை இல்லை. அவை ரஷியா மேலேயே பறக்கின்றன.

பழைய பாதை

இந்தச் சுற்றுவழி புதிதல்ல. சோவியத் காலத்திலும் கதவு மூடித்தான் இருந்தது. பல ஐரோப்பிய விமானங்கள் அலாஸ்காவில் உள்ள ஆங்கரேஜில் இறங்கி, எரிபொருள் நிரப்பிக்கொண்டு ஜப்பான் போயின. 1983 ஏப்ரலில் 'பின்ஏர்' நிறுவனம் எங்கும் இறங்காமல், துருவத்தைச் சுற்றி டோக்கியோவுக்கு 'டி.சி.10' விமானத்தை விட்டது.

வழி தவறினால் என்ன ஆகும் என்பதும் அதே ஆண்டில் தெரிந்தது. செப்டம்பர் 1-ந்தேதி, சோவியத் எல்லைக்குள் புகுந்த கொரிய பயணிகள் விமானத்தைப் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. 269 பேரும் மாண்டார்கள்.

பின்னாளில் சைபீரிய வழி திறந்தது. பயண நேரம் குறைந்தது. 2022-ல் மறுபடி மூடியது.

அன்று 'டி.சி.10' டோக்கியோ போக எடுத்துக்கொண்ட நேரம் எவ்வளவு தெரியுமா? சுமார் 13 மணி நேரம். விமானம் மாறியது. எஞ்சின் மாறியது. மறுபடியும் அதே 13 மணி நேரம்!